இடது தோளில் ஒரு முடிச்சு

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், அப்புறம் வராது. இது நடந்தது. நம்ம திருவண்ணாமலையில், போன சித்திரையில். பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இது பட்டப்பகலில் வந்தது. கதவைத் தட்டி, "உள்ள வரலாங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தது. அவ்வளவு மரியாதை தெரிந்த பேயைச் சுற்றுவட்டாரம் மூன்று மாவட்டத்தில் தேடினாலும் காண முடியாது.

அதைப் பார்த்தவள் அருணாதேவி. எம்.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம். கல்லூரியின் பெயர் வேண்டாம், எனக்கு ஊரில் நிம்மதியாக டீ குடிக்க வேண்டும். அவளுடைய ஆராய்ச்சி எடை குறைந்து பிறந்த குழந்தைகளைப் பற்றியது. குழந்தையின் சட்டையைக் கழற்றித் தாயின் வெறும் மார்போடு ஒட்டவைத்து, மேலே துணியால் கட்டிவிடுவார்கள். கங்காரு முறை என்று பெயர். தாயின் சூட்டிலேயே பிள்ளை தேறும். இதை வீட்டிலும் செய்யச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் எடை எவ்வளவு கூடும்? அதுதான் கேள்வி.

பதில் வேண்டுமென்றால் தாய்மார்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மீதிப் பேர் கன்ட்ரோல் குரூப். அவர்களிடம் மூச்சு விடக் கூடாது. ஒரு மாதம் கழித்து எல்லாக் குழந்தைகளையும் எடை போட்டால் வித்தியாசம் தெரியும். வித்தியாசம் தெரிந்தால் அருணாதேவிக்குப் பட்டம். தெரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

வழிகாட்டி பேராசிரியை ரேணுகாம்பாள். அந்தம்மா தும்மினால் பிரசவ வார்டில் உள்ள அத்தனை குழந்தைகளும் அழுகையை நிறுத்திக்கொண்டு கும்பிடும்.

"கன்ட்ரோல்கிட்ட வாயத் தொறக்காத அருணா. ஒருத்திக்குச் சொன்னாலும் மொத்தமும் கெட்டுடும்."

வேதா கன்ட்ரோலில் விழுந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். முதல் குழந்தை, பெண். சொம்புக்குள் போட்டால் சொம்பில் இன்னும் இடம் இருக்கும், அவ்வளவு சின்னது. பக்கத்து அறையில் நடந்த வகுப்பைக் கதவு இடுக்கு வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள் வேதா.

"எங்களுக்கு எப்ப மேடம்?"

"ஒரு மாசம் போகட்டும்மா. அப்புறம் உங்களுக்கும் சொல்லித் தரேன். அதுவரைக்கும் துணியில நல்லா சுத்தி வைங்க, பால் குடுங்க."

"இவ குளுர்ல நடுங்குறாளே மேடம்."

"சித்திரையில ஏதும்மா குளுரு?"

வேதா முந்தானையால் பிள்ளையை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டாள்.

சித்ரா பௌர்ணமி வந்தது. போனது. ஊரே கிரிவலம் போன காலை நீட்டிப் படுத்திருந்தது. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மத்தியானம் மூன்று மணி. கரண்ட் இல்லை. அடித்த வெயிலில் மலையே ஓரடி சுருங்கியிருக்கும். பயிற்சி அறையில் அருணாதேவி மட்டும் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று வியர்வை காய்ந்தது. முதுகு சில்லிட்டது. அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி ஓடவில்லை.

டொக்... டொக்...

"உள்ள வரலாங்களா மேடம்?"

வேதா நின்றிருந்தாள். முந்தானை ஈரமாக இருந்தது. காலில் செருப்பு இல்லை. குதிகால் வரை செம்மண்.

"குழந்தை எங்கம்மா?"

"தூங்குதுங்க."

"யாரு பாத்துக்கறாங்க?"

வேதா ஓரடி உள்ளே வந்தாள். "ஒரு மாசம் தாங்காதுங்க மேடம். இப்பவே சொல்லிக் குடுத்துடுங்க."

அருணாதேவி வாசலைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் சாப்பிடப் போயிருந்தார். ஒருத்திதானே? யாருக்குத் தெரியப் போகிறது? அலமாரியிலிருந்து பயிற்சிக்கான ரப்பர் பொம்மையை எடுத்தாள். எப்படி நிமிர்த்தி வைப்பது, தலையை எந்தப் பக்கம் திருப்புவது, துணியை எங்கே சுற்றுவது என்று காட்டினாள்.

வேதா பொம்மையை வாங்கி மார்பில் சேர்த்தாள். துணியைச் சுற்றினாள். இடது தோளில் முடிச்சுப் போட்டாள்.

"எல்லாரும் வலது பக்கம் போடுவாங்க வேதா."

"எனக்கு இடது கைப் பழக்கங்க."

முடிச்சைச் சரிசெய்யப் போன அருணாதேவியின் விரல் அவள் தோளில் பட்டது. ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். பேச்சை மட்டும் விடவில்லை. "அப்பப்ப வயித்தையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சூடா இருக்கணும். கால் மட்டும் ஜில்லுனு இருந்தா குளுருதுனு அர்த்தம்."

"ரெண்டுமே ஜில்லுனு இருந்தா?"

"ஒடனே தூக்கிட்டு ஓடி வரணும்."

வேதா பொம்மையின் காலைத் தடவினாள். மெதுவாகத் தடவினாள்.

"ஓடித்தாங்க வந்தேன்..."

"எப்போ?"

"பொம்மைய எடுத்துட்டுப் போறேன் மேடம். வேலை முடிஞ்சதும் தந்துடறேன்."

டப்பென்று கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. அருணாதேவி ஒரு தடவை கண் சிமிட்டினாள்.

அறையில் யாரும் இல்லை.

தரையில் செம்மண் தடம். உள்ளே வந்த தடம் இருந்தது.

வெளியே போன தடம் இல்லை.

அவள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பேயை விட முக்கியமாக, கன்ட்ரோல் தாய்க்குப் பாடம் எடுத்தது தெரிந்துபோகும். பொம்மை எங்கே என்று ரேணுகாம்பாள் போட்ட கூச்சல் கோபுரம் வரைக்கும் கேட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் முடிந்தது. எடை போடும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கன்ட்ரோல் வீடுகளுக்குக் கிளம்பினாள். முதல் வீடு வேங்கிக்காலில், கவிநிலாவுடையது. கதவைத் திறந்த கவிநிலாவின் மார்பில் குழந்தை கட்டப்பட்டிருந்தது. கொழுகொழுவென்று இருந்தது.

"இத யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நல்லா கேட்டீங்க போங்க! நீங்கதான மேடம் ஆள அனுப்புனீங்க? ரப்பர் பொம்மைய வெச்சுக்கிட்டு ஒரு அக்கா வந்தாங்களே. எங்க வீட்டுக்காரருக்கும் கட்டிவிட்டாங்க. மனுஷன் ரெண்டு நாளா கங்காரு மாதிரியே நடந்தாரு." சிரித்தாள். "காப்பி குடுத்தேன். தொடவே இல்ல. கை மட்டும்... அப்பா! என்னா ஜில்லு."

முடிச்சு இடது தோளில் இருந்தது.

அடுத்த வீட்டிலும் இடது தோள். அதற்கடுத்த வீட்டிலும். எல்லா வீட்டிலும் அதே அக்கா. அதே பொம்மை. எந்த வீட்டிலும் காப்பி குடிக்கவில்லை.

கடைசியாகத்தான் வேதாவின் ஊருக்குப் போனாள். கால் வரவில்லை, போனாள். புருஷன் கோபி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"வேதா இருக்காங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்க்க வேண்டாம்.

"இப்ப வரீங்களா மேடம்?"

வாளியைக் கீழே வைத்தான்.

"பௌர்ணமி அன்னிக்குக் குழந்தைக்கு வயிறு, காலு எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. ஆட்டோ புடிச்சோம். கிரிவலக் கூட்டம். ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. எறங்கி ஓடுனா மேடம், பச்ச ஒடம்போட. கூட்டத்துல செருப்பு அறுந்துபோச்சு. யாரோ பிரசாதம்னு அவ கையில பொட்டலத்த வேற திணிச்சாங்க."

"குழந்தை..."

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் இருந்துச்சு. ஏரிக்கரையில பொதச்சோம். அன்னிக்கே இவளுக்கு ஜொரம், நடுக்கம். எத்தன போர்வ போட்டும் நிக்கல. நாலாம் நாள் இவளும் போயிட்டா."

பௌர்ணமிக்கு நாலாம் நாள்.

பொம்மையை அவள் வாங்கிப் போனது அதற்கும் ஒரு வாரம் கழித்து.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றான் கோபி. "பக்கத்து ரூம்ல அத்தன பேருக்குச் சொன்னீங்களாம். இவளுக்குச் சொல்ல மாட்டேன்னீங்களாம். அது என்ன ராணுவ ரகசியமா மேடம்?"

பதில் சொல்லத்தான் வாய் திறந்தாள். பற்கள் தந்தி அடித்தன. வைகாசி வெயிலில்.

எடைகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்த தாய்மார்களின் குழந்தைகளும் சொல்லிக்கொடுக்காத தாய்மார்களின் குழந்தைகளும் ஒரே மாதிரி தேறியிருந்தன. வித்தியாசமே இல்லை. வேதாவின் குழந்தையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ரேணுகாம்பாளின் பேனாவில் ஒரே ஒரு கோடு, அதோடு சரி.

"கன்ட்ரோல் குரூப்பே நாசம்! எவ போய்ச் சொன்னது?"

"செத்துப்போனவங்க மேடம்."

ரேணுகாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"நல்லா தூங்கு அருணா. நாளைக்கு மறுபடி ஆரம்பி. புது கன்ட்ரோல் எடு."

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனாள். யார் யார் கன்ட்ரோல் என்று அவள் இன்னும் முடிவுகூடப் பண்ணவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் முந்தாநாள் பிள்ளை பெற்ற பெண் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பில் குழந்தை. மேலே துணி.

இடது தோளில் முடிச்சு.

"யாரு... யாரு கட்டிவிட்டது?"

"ஒரு அக்கா. நீங்க வரதுக்குள்ள போயிட்டாங்களே." அந்தப் பெண் தலையணைக்குப் பின்னால் கையை விட்டாள். "இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க. இன்னும் வேலை முடியலையாம். வேணுங்கறப்ப மறுபடி வந்து வாங்கிக்கறாங்களாம்."

பொம்மை.

குதிகாலில் செம்மண். ஏரிக்கரை மண்.

பழக்க தோஷம்... அருணாதேவியின் கை தானாகப் போனது. வயிற்றைத் தொட்டாள்.

சூடு.

உள்ளங்காலைத் தொட்டாள்.

சூடு. அதே சூடு.

ரப்பர் பொம்மைங்க அது.