துரை பங்களாவின் வரலாறு

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் துரையின் பாட்டனார் கட்டிய கல் பங்களாவின் வரலாற்றை எழுதும் வேலை, நாலு புத்தகம் படித்த கிளாக்கர் என்பதால் என்னிடம் வந்தது. மூன்று தலைமுறைத் துரைமாரையும் எழுதி அச்சேற்றினேன். ரோஜாப் பாத்தியில் புதைத்த நாயின் பெயரைக்கூட விடவில்லை.

அடுத்த வருஷம் பங்களாச் சமையல்காரர் மாரிமுத்து ஆபீசுக்கு வந்தார். இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்.

"கிளாக்கர் ஐயா, எங்கப்பா இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி கேக்குறாங்க. தாத்தா காலத்துலேர்ந்து அந்தக் குசினிதாங்க எங்களுக்கு. உங்க புத்தகத்துல எங்க பேரு இருக்குங்களா?"

புரட்டித் தேடுவதுபோல் நடித்தேன்.

"நாயி பேரெல்லாம் இருக்குன்னாங்களே," என்றார், நம்பிக்கையோடு.

மனு தள்ளுபடியாகி, அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அந்த வரலாற்றை எழுதிய நாட்களில் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். குடித்துவிட்டு, நாயின் பெயர் என்னவென்று அவரிடம்தான் கேட்டுக்கொண்டேன்.