சத்திரத்துச் சுவரில் நான் வரைந்த இரண்டு ஆண்கள்

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். கூடவே முகத்தில் அடிக்கும் சூடு, மூக்கைப் பிடுங்கும் வாடை... ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் திருத்தணி முழுக்க அந்த வாடைதான்.

இரண்டாம் உலக யுத்த காலம். நான் இருபதைத் தாண்டிய பெயிண்டர். கடைகளுக்கு போர்டு எழுதுவேன். தட்டிகளில் முருகன், வள்ளி, தெய்வானை போடுவேன். ஆடி பிறந்தால் மலையடிவாரத்தில் ஒரு சத்திரத்துக்கு வெள்ளையடிப்பேன்.

வயது நூறை நெருங்கிவிட்டது நண்பர்களே, இனி யார் வந்து என்னை உதைக்கப்போகிறார்கள்! நான் பேசப் பேச இந்த போன் எழுதிக்கொள்கிறது. ஆனாலும் இதைச் சொல்லும்போது காது சுடுகிறது.

நான் ஆண்களை வரைவேன். ஆசைப்பட்டு வரைவேன். வாலிபர்களை அல்ல... நாற்பது, ஐம்பது வயது ஆண்களை. சரிந்த தொப்பை, பாதி நரைத்த மார்பு முடி, இடுப்பில் அரைஞாண் அழுந்திய தடம், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் வியர்வையோடு பிடரியில் இறங்குவது... சரவணப் பொய்கைப் படியில் துணி துவைக்கிற சாக்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் திருடிக்கொண்டு வருவேன். பிறகு இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்தபடி, வேட்டி நழுவியபடி... போதும், உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முருகனை ஒரு முடிகூட இல்லாமல் வழவழவென்று வரைகிற அதே கை. சீ, என்ன ஜென்மம் இது என்று அந்தக் கையைச் சுவரில் குத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்போது காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் எங்கே ஒளிப்பது? அதனால் சத்திரத்து அறையைச் சாத்திக்கொண்டு, பழைய சுவரில் கரியால் வரைவேன். ஆசை தீரப் பார்ப்பேன். உடனே மேலே சுண்ணாம்பு அடித்துவிடுவேன். கிருத்திகைக்கு வருகிற ஜனங்கள் அதே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு புளியோதரை சாப்பிடுவார்கள்.

அந்த வருஷம் நான் வரைந்தது நிஜமான இரண்டு பேரை. ஒருவர் சத்திரத்துச் சமையல்காரர் சுப்பையா. ஐம்பது வயது, தனியாள். இன்னொருவர் கிருத்திகை தவறாமல் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து அவரோடு தங்குகிற நெசவாளி முனுசாமி. சிநேகிதர்கள் என்று ஊர் நினைத்தது. முனுசாமி சாப்பிட்டு முடிக்கிறவரை சுப்பையா பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவதைப் பார்த்த எனக்கு வேறு தெரிந்தது. இருவரையும் மார்போடு மார்பாக அணைத்தபடி வரைந்தேன்.

அந்த மயக்கத்தில் புத்தி எங்கே போனதோ... கரியின் கருப்பு எனக்குப் போதவில்லை. விளக்குப் புகைக்கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து முடியையும் முகத்தையும் தீட்டி, வழக்கம்போல மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். எண்ணெய் மேல் சுண்ணாம்பு நிற்காது. வெள்ளையடிக்கிற எந்த முட்டாளுக்கும் தெரிந்த விஷயம் அது.

மறுநாள் காலையில் பார்த்தால், காய்ந்த வெள்ளைக்குள்ளிருந்து இரண்டு பேரும் பழுப்பாக வெளியே வந்திருந்தார்கள். மத்தியானம் பள்ளிப்பட்டுக் காவடிக் கூட்டம் அந்த அறைக்கு வருகிறது. அவர்கள் பார்த்தால் எனக்கு அடி உதையோடு போகும். சுப்பையாவுக்கு வேலை போகும். முனுசாமி ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

நான் விறைத்து நின்றபோது சுப்பையாவே மோர் கொண்டுவந்தார்.

"இன்னா நைனா, ஒரே எடத்துல நின்னுகினு கீற?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் காலில் விழுந்துவிட்டேன்.

"தெரியாம பண்ணிட்டேண்ணா..."

"தெரியாமயா? அச்சு அசலா முனுசாமி மூஞ்சி. என் தொப்பய கூட வுட்டு வைக்கல நீ." மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "எழுந்துரு. கரண்டிய எடு. மூஞ்சிங்கள மொதல்ல சொரண்டணும், ஜனங்க வந்துருவாங்க."

என் கொத்துக் கரண்டியை என்னிடமிருந்து வாங்கி, தன் முகத்தைத் தானே சுரண்டினார். நான் ஓட்டுச் சில்லால் முனுசாமியின் முகத்தைச் சுரண்டினேன். இருவர் மேலும் காரை கொட்டிற்று.

திடீரென்று கேட்டார்: "எங்க ரெண்டு பேரயும் வரஞ்சிகீற. சரி. இதுல நீ எங்க கீற?"

"நான்... நான் இல்லண்ணா."

"ஆங், அதான் கேக்குறேன். உன் ஆசய எங்க மேல ஏத்திட்டு, நீ மட்டும் வெளிய நின்னுகினு கீறியே. அது நாயமா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அடித்திருந்தாலாவது ஆறியிருக்கும். ஊரே பார்க்க ஒருவர் சாப்பிட ஒருவர் விசிறிக்கொண்டு உட்கார அந்த இரண்டு பேருக்கும் நெஞ்சில் துணிவு இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு அவர்களை வேடிக்கை பார்த்தவன்.

காவடிக் கூட்டம் வந்தபோது சுண்ணாம்புக் காரை வைத்துச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தோம். "சுவரு பொரிஞ்சி போச்சிங்க, செத்த வெளிய குந்துங்க" என்று சுப்பையா அலுங்காமல் சொன்னார். சாயங்காலம் முனுசாமி வந்தார். வழக்கம்போல இலை போட்டார்கள், வழக்கம்போல விசிறி. என்னையும் கூப்பிட்டார்கள். நான் சாப்பிடாமல் ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தச் சத்திரத்து வேலைக்கே போகவில்லை.

வரைவதை மட்டும் விடவில்லை. வரைவேன், கிழிப்பேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் மறுத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்த ஒன்றிரண்டு ஆண்களையும் பார்க்காததுபோல் நடந்து போனேன்.

இப்போது சின்னப் பிள்ளைகள் இதே மாதிரிப் படங்களை வரைந்து, கீழே தங்கள் பெயரையும் எழுதி, உலகமே பார்க்கப் போடுகிறார்கள். லைக்குகளும் சிவப்பு ஹார்ட்டின் குறிகளும் குவிகின்றன. நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். லைக் போட இன்றுவரை விரல் வரவில்லை.

போன வாரம் என்னையே வரைய உட்கார்ந்தேன். சுப்பையாவைவிட எவ்வளவோ மூத்த கிழவனாகிவிட்டேன்... தொங்கிய மார்பு, சுருங்கிய வயிறு, எல்லாம் வந்தது. முகமும் வந்தது. தாளின் மறுபாதியை இன்னொருவருக்காக விட்டிருந்தேன்.

பென்சிலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். சுப்பையாவுக்கு முனுசாமி இருந்தார். என் பக்கத்தில் யாரை வரைவது என்று எனக்குத் தெரியவில்லை.