கிருபாபாய் திருப்பதி போன காரியம்

சித்தூர் மிஷன் சர்ச்சில் கிருபாபாய்க்குத் தொண்டை போய்விட்டது என்று சொல்லாத ஆள் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைப் பாட்டில் மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திக்கொள்ள, ஒரு குரல் மட்டும் தனியாக உச்சிக்கு ஏறுகிற அடி ஒன்று உண்டு. கல்யாணமாகி அந்தச் சபைக்கு வந்த வருஷத்திலிருந்து அது அவளுடையது. மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு உச்சி எட்டவில்லை. பாதி வழியிலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பிற்று. ஒருத்தி மிளகுப் பால் கொடுத்தாள், ஒருத்தி சித்தரத்தையைக் கடிக்கச் சொன்னாள். பாதிரியாரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைக்கிற சபை அது. அந்த ஐயரம்மா ஆடாதோடைக் கஷாயம் காய்ச்சி, குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். இதில் ஒருவராவது தொண்டையில்தான் கோளாறா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோளாறு தொண்டைக்கு ஒரு சாண் கீழே, ரவிக்கைக்கு உள்ளே போடும் பாடியில் இருந்தது.

அந்த நாளில் சித்தூரில் அதைத் தைத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கௌரவமான பெண்பிள்ளை தையல் கடையில் போய் நிற்கமாட்டாள். பழைய பாடி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, அளவுக்கு என்று புருஷன் கையில் கொடுத்தனுப்புவாள். தையல்காரன் அதைப் பார்த்து அச்சாக இன்னொன்று தைப்பான். கிருபாபாயின் முதல் அளவு, அவள் டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில் ஈர்க்குச்சியாக இருந்த காலத்தில் தைத்தது. அதை வைத்து ஒன்று, அந்த ஒன்றை வைத்து இன்னொன்று என்று வம்சம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தையல்காரர் சிட்டிபாபுவுக்கு நூலளவு பிசகினாலும் தூக்கம் வராது. ஆகவே மூன்று பெற்று, இரண்டு சுற்றுப் பெருத்து, கைப்பிள்ளைக்குப் பாலும் கொடுத்துக்கொண்டிருந்த உடம்பு, கல்யாணமாகாத ஒரு பெண்ணின் அளவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது.

புருஷன் ஆர்தர் சர்வே ஆபீசில் வேலை. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஜில்லாவே அடித்துக்கொண்டிருந்த சமயம். நாகலாபுரம் பக்கம் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனால் ஊரே அவரைச் சூழ்ந்துகொள்ளும். தெலுங்கில் கேட்டால் தெலுங்கிலும் தமிழில் கேட்டால் தமிழிலும் மணிக்கணக்கில் பதில் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட வாய், சிட்டிபாபு கடை வாசலில் ஒட்டிக்கொள்ளும்.

"இந்தத் தபாவாச்சும் சொல்லுங்க" என்று கிருபாபாய் வீட்டிலேயே சொல்லியனுப்புவாள். "ரெண்டு அங்குலம் தளர்த்தித் தெய்யச் சொல்லுங்க."

"சொல்றன், சொல்றன்."

கடையில் எப்போதும் நாலு பேர் பேப்பரை விரித்துக்கொண்டு திருத்தணி யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆர்தர் பொட்டலத்தை நீட்டி, "இது... கொஞ்சம்..." என்று மென்று விழுங்குவார். சிட்டிபாபு கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார். பேப்பர்க்காரர்களும் பார்ப்பார்கள். "கொஞ்சம் சீக்கிரமா வேணும்" என்று முடித்துவிட்டு வந்துவிடுவார் ஆர்தர். மறுநாளே வந்துவிடும், அதே அளவில்.

டிசம்பர் பிறந்ததும் சபை மூப்பர் சுந்தர்ராஜ் வீட்டுக்கு வந்தார். பாகாலா ஜங்ஷனில் டிக்கெட் கலெக்டர் உத்தியோகம். ஞானசுந்தரி என்று ஒரு மகள் அவருக்கு இருந்தாள், அவளும் பாடுவாள்.

"தொண்டைக்கு ஓய்வு குடும்மா. இந்த வருஷம் எங்க ஞானம் பாடட்டும். வர்ற ஞாயித்துக்கெழம ஒத்திகையில முடிவு பண்ணிடலாம்" என்றார், ரொம்பக் கருணையோடு.

அவர் போன பிறகு கிருபாபாய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். வருஷம் பூராவும் அவள் நேரம் பிள்ளைகளுக்கும் உலைப்பானைக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்த ஓரடி மட்டும்தான் அவளுக்கென்று இருந்தது. அதையும் ஒரு முழத் துணிக்குப் பறிகொடுக்க அவளுக்கு மனம் இல்லை.

வளையல் விற்க வரும் சென்னம்மா காதோடு காதாக ஒரு சேதி சொன்னாள். திருப்பதியில் வெங்கடம்மா என்கிற பெண்பிள்ளை கடை வைத்திருக்கிறாள், மெட்ராஸிலிருந்து பாடி தைத்தே வருகிறதாம், உள் அறையில் போட்டும் பார்க்கலாமாம். ஆர்தர் நாகலாபுரம் காம்ப்பில் இருந்தார். கிருபாபாய் பெரிய பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். அந்தக் குழந்தைக்குத் தலை முழுக்கக் கட்டி. அதற்காக முந்தின நாள்தான் மொட்டையடித்து, குளிர்ச்சிக்குச் சந்தனத்தை அப்பியிருந்தார்கள்.

வெங்கடம்மா கடையில் ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று தோளைக் கடித்தது. ஒன்றில் குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது. கடைசியில் அகலப் பட்டியும் முன்பக்கம் கொக்கியுமாக ஒன்று வந்தது. மாட்டிக்கொண்டு மூச்சை இழுத்தாள். போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு மூச்சு உள்ளே போகும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சந்தோஷம் தாங்காமல் அந்த அடியை அங்கேயே எடுத்துவிட்டாள். தெருவில் போன யாத்திரைக் கூட்டம் யாரோ பரவசப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்து, "கோவிந்தா!" என்று பதில் முழக்கம் போட்டது.

திரும்பும்போது பாகாலாவில் ரயில் நின்றது. ஜன்னலில் சுந்தர்ராஜ் தெரிந்தார். அவர் பார்வை மொட்டையில் விழுந்து, சந்தனத்தில் நின்று, மடியிலிருந்த பொட்டலத்துக்கு இறங்கியது.

"திருப்பதியிலர்ந்தா வந்துகினு கீற?"

"ஆமாங்க."

"பொட்டலத்துல இன்னாம்மா?"

கிருபாபாய் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணும் இல்லீங்க."

ஊர் வாய்க்கு இது போதாதா? தொண்டை திறக்க வேண்டுமென்று மலைக்கு நேர்ந்துகொண்டாள், பிள்ளைக்கு முடி இறக்கினாள், பிரசாதத்தை ஒளித்துக் கொண்டுவந்தாள் என்று சபை பூராவும் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் வீட்டுக் கூடத்தில் மூப்பர்கள் கூடினார்கள். காம்ப்பிலிருந்து அன்று காலைதான் வந்த ஆர்தரும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"கொழந்தைக்கு லட்டு கூடத் துன்னக் குடுத்திருப்பா!" என்றார் சுந்தர்ராஜ். பல்லே முளைக்காத குழந்தை.

"நேந்துக்கினது உண்டா இல்லியாம்மா?" ஐயர் மெதுவாகத்தான் கேட்டார்.

"இல்லீங்க ஐயரே."

"பின்ன எதுக்குப் போன?"

கிருபாபாய் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? ஐயரம்மாவுக்கு அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று தோன்றியது. நல்ல மனசுதான், யோசனைதான் மோசம்.

"அந்த அடியப் பாடச் சொல்லுங்க. தொண்ட சரியாவலன்னா நேந்துக்கலன்னு தெரிஞ்சிடும்."

எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். கிருபாபாய் எழுந்து நின்றாள். வழக்கம்போல் பாதியில் நிறுத்தினால் போதும், பழி நீங்கிவிடும். ஆனால் அந்த அடி ஞானசுந்தரிக்குப் போய்விடும். புதுசு உள்ளே இருந்தது. அவள் மூச்சை இழுத்தாள். மூச்சோடு கோபமும் வந்தது. பாடினாள். குரல் ஏறி, உச்சியில் நின்று, அவளாக மனசு வைத்து இறக்கினபோதுதான் இறங்கியது.

"பலிச்சிட்டுது பாத்தீங்களா!" என்று துள்ளி எழுந்தார் சுந்தர்ராஜ். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் ஆர்தர் எழுந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அவ பாடி வாங்கப் போனா" என்றார். ஒருவருக்கும் விளங்கவில்லை என்று கண்டு, நெஞ்சைத் தொட்டுக் காட்டி இன்னும் உரக்கச் சொன்னார். "உள்ள போடற பாடி. பழசு புடிச்சிது. மூச்சு விட முடியல, அதான் பாட்டு வரல. பையன் தலையில கட்டி, அதுக்குத்தான் மொட்ட."

மூப்பர்கள் தரையில் எதையோ தேடினார்கள். மிச்சம் இருந்த ஒரு சந்தேகத்தைச் சுந்தர்ராஜ் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அத இங்கயே சிட்டிபாபு தெப்பானே?"

"தெப்பாருங்க. பெரிசா தெய்யுங்கன்னு நான் சொல்லணும். எனக்கு வாய் வரல."

"கிறிஸ்மஸுக்கு நீயே பாடும்மா" என்றார் ஐயர் கடைசியில்.

கிருபாபாய் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது, அதற்குள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"இத்தினி பேருக்கு முன்னால சொல்ற வாயி, அந்தக் கடையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இத்தினி வருசம் நானும் மூச்சு விட்டுக்கினு இருந்திருப்பனே!"