அமுக்கினால் திண்மமாகும் வாயு

இரசாயனவியல் வாத்தியார் பாடத்திட்டத்துக்கு வெளியில ஒரு வசனம் பேசினாலும், அது ஊரைச் சுற்றி அவற்ற வாசலுக்கே வந்து நிக்கும். கரும்பலகையோடையும் வெண்கட்டியோடையும் மாரடிக்கிற சகபாடிகளே, உங்களுக்கு இது புதுசில்லை.

ஒருத்தரோடையும் சேராத கூட்டம்

சண்டை முடிஞ்சு ஊர் மீள்குடியேறி இரண்டாம் வருசம். உயர்தர வகுப்புக்கு விழுமிய வாயு படிப்பிச்சுக்கொண்டிருந்தனான். ஹீலியம், ஆகன் எல்லாம் லேசில ஒருத்தரோடையும் சேராது எண்டு சொல்லி முடிச்சிருந்தால் தப்பியிருப்பன். என்ர வாய் சும்மா கிடந்தால்தானே. இரண்டு வைர முனைக்கு நடுவில வைச்சு, வளிமண்டல அமுக்கத்தைப்போலப் பல்லாயிரம் மடங்கு நெரிச்சால், ஹீலியம் நைதரசனோட சேர்ந்து திண்மமாகும் எண்டன். அந்த நெரிசலில தனித்தனியாக நிக்கிறதைவிட, ஒழுங்காகக் கலந்து அடுக்கினால் பிடிக்கிற இடம் குறைவு. முருங்கன் பஸ்ஸில இடம் காணாட்டி முகம் தெரியாத ஆக்களும் ஒட்டி இருந்து வாறதில்லையோ, அப்பிடித்தான். வகுப்பு வாயைப் பிளந்து கேக்குது எண்டு நான் புளுகத்தில நிக்க, முன்வாங்கில ஒரு பெடியன் எழும்பினான்.

“சேர், இது சோதினைக்கு வருமோ? வராட்டி அழிச்சுப்போட்டு அடுத்ததை எழுதுங்கோ.”

அதிபரின் ஆசை

கதை பள்ளிக்கூட அதிபருக்குப் போச்சு. கல்விக் கந்தோரில இருந்து பெரிய ஆக்கள் வருகினமாம், ஆய்வுகூடத்தில இதைச் செய்து காட்டட்டாம். எங்கட ஆய்வுகூடம் எண்டது தகரம் போட்ட ஒரு அறை, ஒரு அலுமாரி, அதுக்குள்ள வாய் உடைஞ்ச மூண்டு கண்ணாடி முகவை. வைரத்துக்கு எங்க போறது எண்டு பொறுமையாகத்தான் கேட்டனான். மனுசன் கதிரையில சாய்ஞ்சு யோசிச்சார்.

“வைரம் கிடைக்காட்டி, தடிச்ச கண்ணாடியில ஒருக்காச் செய்து பாருங்கோ மாஸ்டர்.”

கடலுக்குப் போகாத மனுசன்

அடுத்த கிழமை ஓலைத்தொடுவாயில இருந்து ஒரு தாய் வந்தா. மகள் ரெஜினா என்ர வகுப்பு. தகப்பன் சிலிண்டர் பூட்டிக் கடலுக்கடியில கடலட்டை பிடிக்கிறவர். பெட்டை என்ன செய்திருக்கிறாள்? காற்றில ஆகனும் இருக்கு, நைதரசனும் இருக்கு. சிலிண்டருக்குள்ளயும் அமுக்கம், கடலுக்கடியிலயும் அமுக்கம். ஆனபடியால் அப்பாவின்ர நெஞ்சுக்குள்ள காற்றுத் திண்மமாகப் போகுது எண்டு முடிவு கட்டி, காலைப் பிடிச்சு அழுதிருக்கிறாள். எனக்குத் தலையில அடிக்கவேணும் போல இருந்தது. பல்லாயிரம் மடங்கு எண்டு பலகையில எழுதினது ஆருக்கு?

“அவள் அழுறாள், இவர் போகேல்ல. நாலு நாளாக அடுப்பு எரியேல்ல சேர். நீங்கள் சொன்னதுக்கு நீங்களே வந்து ஒரு முடிவு சொல்லுங்கோ.”

ஓலைத்தொடுவாயில ஒரு பாடம்

சைக்கிளை மிதிச்சுக்கொண்டு போனன். அவர் இறங்கிற ஆழத்தில மூண்டு நாலு மடங்கு அமுக்கம்தான், அதுக்கு எந்த வாயுவும் திண்மமாகாது, பயப்படாமல் போங்கோ எண்டு விளக்கமாகச் சொன்னன். தகப்பன் ஓம் ஓம் எண்டு கேட்டார். அலுவல் முடிஞ்சுதெண்டு நான் எழும்ப, அவரும் எழும்பப் பார்த்தார், ஏலேல்ல. முழங்காலைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடிச்சார்.

எனக்குத் திக்கெண்டது. ஆழத்தில இருந்து கெதியாக மேல வந்தால், இரத்தத்தில கரைஞ்ச நைதரசன் குமிழியாகி மூட்டுக்குள்ள நிக்கும், ஆளையே முடக்கும். இதெல்லாம் தெரிஞ்ச நான்தான் அவரைத் திரும்பவும் இறங்கச் சொல்லிப்போட்டு நிண்டனான். வெக்கமாக இருந்தது. இனி இறங்காதேங்கோ, இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போவம், நானும் வாறன் எண்டன். அவர் மகளைப் பார்த்தார்.

“எனக்குத் திண்மமும் தெரியாது, வாயுவும் தெரியாது சேர். மூண்டு மாசமாக நொண்டுறன், கடலுக்குப் போகாதேங்கோ எண்டு சொன்னது இவள் ஒருத்திதான்.”

சரியான விடையோட போன நான் அந்த மனுசனைக் கடலுக்கு அனுப்பப் பார்த்தன், பிழையான விடையோட அவள் கரையில மறிச்சுப்போட்டாள். இதுக்குப் புள்ளி போடுறது எப்பிடியெண்டு ஆரும் தெரிஞ்சவை எனக்கு எழுதுங்கோ.