பள்ளத்துக்குக் கீழே ஒரு மேடு

கால்குலஸ் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் முதலில் போவது தொண்டை, அப்புறம் பொறுமை. கரும்பலகைக்கு முன்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் ஒரு மண்டியின் மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு எடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. கணக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியாது.

தண்ணீர் பாயாத படம்

x வர்க்கத்தை, x கழித்தல் ஒன்றால் வகுத்தால் வரும் வளைகோட்டுக்குப் படம் வரையச் சொன்னேன். வகையிட்டு, பூஜ்யத்துக்குச் சமன்செய்தால் மேடும் பள்ளமும் தெரிந்துவிடும். மேட்டின் உயரம் பூஜ்யம், பள்ளத்தின் உயரம் நான்கு. தப்பே இல்லை, கோடு நடுவில் அறுந்து இரண்டு துண்டாகக் கிடப்பதால் அப்படித்தான் வரும். அரை மணி நேரம் இதைச் சொல்லிவிட்டு, மேலெல்லாம் சாக்பீஸ் தூளோடு உட்கார்ந்தேன். கல்லாவியிலிருந்து வரும் மாரிமுத்து, சொந்தமாக நிலம் உழுகிறவர், எழுந்து நின்றார்.

"மேடு கீழயும் பள்ளம் மேலயும் இருந்தா தண்ணி எப்படிங்க சார் பாயும்?"

ஒன்றில் நிற்பது

அதே வளைகோடு x ஒன்று ஆகும்போது அறுந்துபோகும். வகுக்கிற எண் பூஜ்யமாகிவிடுகிறதே. எத்தனை முறை சொன்னாலும் எல்லாரும் அங்கே ஒரு கோட்டை இழுத்து ஒட்டவைத்துவிடுவார்கள். ஒட்டவைக்காதவர் வெங்கடப்பா ஒருவர்தான். ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு முறை தவறியவர். மூன்றாவது முறையும் தவறினால் உயர்நிலைப் பள்ளியை விட்டு ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுக்கப் போக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தார் சொல்லியிருந்தார்கள். அன்று வழியில் சானமாவுக் காட்டில் சாலையை மறித்து யானை நின்றதில் தாமதமாக வந்திருந்தார். கோட்டை எப்படிச் சரியாக நிறுத்தினீர்கள் என்று ஆசையோடு கேட்டேன்.

"ஆன நிக்கிற எடத்துல பஸ்ஸே போவல, கோடு மட்டும் எப்படி சார் போவும்?"

தோடு

பரீட்சையில் அதே வளைகோடு வந்தது. x மூன்றாக இருக்கும் இடத்தில் தொடுகோடு வரையச் சொல்லியிருந்தார்கள். வெங்கடப்பா சிரித்த முகத்தோடு வந்து, எழுதிய விடையை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அவர் எழுதியிருந்தது தொடுகோடே அல்ல. வளைகோட்டை நெருங்கி நெருங்கிப் போய்க் கடைசிவரை தொடாமலே இருக்கும் வேறொரு கோடு.

"நீங்க தோடு கோடுன்னுதானே சார் சொன்னீங்க? எங்க ஊட்ல தோடுன்னா தொணை. எவ்ளோ தூரம் போனாலும் தொணையா வர்றது இந்தக் கோடுதானே?" என்றார்.

வருஷம் முழுக்க அவசர அவசரமாக நான் சொன்ன தொடுகோடு, அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. ஒரு தடவையாவது நிறுத்தி, தொடுகிற கோடு என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, களைப்பு. அந்த ஒரு கணக்கில்தான் தவறிப்போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்து, வெள்ளைத்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"எனக்குக் கணக்கு தெரியும், காதுதான் தப்பா கேட்டுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், ஸ்கூல்ல காட்டறேன்."

எழுதிக் கொடுத்தேன், அந்த வருஷம் பிசகில்லாமல் நான் தந்த விடை அது ஒன்றுதான், அதையும் பள்ளிக்கூடத்தார் தள்ளிவிட்டார்கள்.