ஆழ்வார்பேட்டையில் நான் எழுதிக் கேட்ட கேள்வி

எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். தாளில் எழுதியதைப் பேத்தி படம் பிடித்து இங்கே போடுகிறாள்.

இன்று நானும் பேத்தியும் ஆழ்வார்பேட்டையில் சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போனோம். திரைக்கதை எழுதுவது எப்படி என்று ஒருவர் மேடையில் பேசினார். ஆற்றோரக் குடிசைகளை இடிப்பதைப் பற்றிப் படம் எழுதியவர். கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள்.

நான் எழுதினேன்: 'உங்கள் படத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏன் கடைசியில் சாகிறார்கள்?'

அதை மைக்கில் படித்தார்கள். என் எழுத்தை வெளியாள் ஒருவர் படித்தது அதுதான் முதல் தடவை.

"சூப்பர் கேள்வி சார். நீங்க எந்த ஏரியா?" என்றார் அவர். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

"அடையாறு ஆத்தோரம் இருந்தோம். இட்ச்சிட்டு பெரும்பாக்கத்துல போட்டாங்க."

"இடிச்ச அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்களேன்."

என் மனைவி கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வர மறுத்ததைச் சொன்னேன். அவர் வேகமாகக் குறித்துக்கொண்டார்.

"சிலிண்டர். என்ன ஒரு சீன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நைனா, நான் கேட்டதுக்கு இன்னா பதிலு?" என்றேன்.

"டைம் ஆயிடுச்சு தாத்தா" என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அந்த சிலிண்டர வெடிக்க வச்சி என்னிய சாவடிச்சிடுவானா அந்தாளு?" என்று கேட்கிறாள்.

அவளுக்கு நான் என்ன சொல்ல? எழுதுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்து, அடுத்த வாரத்துக்குள் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.