கத்தரித்த பத்தி

நம் மலைக்கோட்டை வாசகசாலைக்கு வரும் தினசரியில் ‘ஆள் தேவை’ பத்தி மட்டும் ஒரு மாதமாகக் காணோம். யாரோ கத்தரித்துவிடுகிறார்கள். பகலில் குமாஸ்தா, சாயங்காலம் டைப்ரைட்டிங் மாணவன் நான். அடுத்த வேலையை வேறு எங்கே தேடுவேன்?

இன்று காலை, ஆபீஸுக்கு முன்பே அங்கே போய்விட்டேன்.

பிளேடும் கையுமாக உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஹெட் கிளார்க். லீவு கேட்டாலே முறைப்பவர்.

“சார், நீங்களா?”

“சத்தம் போடாதப்பா.”

“இந்த ஆபீஸை விட்டா வேற கதியில்லேன்னு தினமும் சொல்வீங்களே!”

“அது உங்களுக்கெல்லாம் சொன்னது” என்றார், கொஞ்சமும் கூசாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீ டைப் கத்துக்கறே இல்ல? எனக்கு நாலு மனு அடிச்சுக் குடு. யாருக்கும் தெரிய வேணாம்.”

சாயங்காலம் நாலையும் பிழையில்லாமல் அடித்தேன். அதே நாலு விலாசங்களுக்கு என் பெயரிலும் நாலு அடித்து, ஸ்ரீரங்கம் திரும்பும் வழியில் தபாலில் சேர்த்தேன்.

நான் இதை எழுதும் இந்தக் கையெழுத்துப் பத்திரிகை சுற்றிவரும்போது யார் கைக்கு வந்தாலும் ஓரத்தில் பதில் எழுதுங்கள்: எங்கள் இருவரையும் ஒரே நாளில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால், நான் லீவு யாரிடம் கேட்பது?